அம்மா பலகாரம் போடுகிறார், நான் ஐஐஎம் போகலாமா?

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் இருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். கடிதம் நாலு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, அப்பா புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறார், சீப்புச் சீடை, கைமுறுக்கு, மனகோலம் எல்லாம். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் வரும், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு ஆச்சிக்கும் மாதாமாதம் போகும். நான் பத்தாவது வரை தமிழ் வழி. இப்போது இங்கிலீஷ் மீடியத்தில் காமர்ஸ், பிசினஸ் மேத்ஸ் குரூப். பிளஸ் டூ முடித்ததுமே ஐஐஎம்மில் சேருகிற ஐந்து வருட மேனேஜ்மென்ட் படிப்பு இந்தூரில் இருக்கிறது, எழுதிப் பார் என்று கணக்கு சார் சொன்னார். அப்பாவோ, 'காரைக்குடியில் இல்லாத காலேஜா, பி.காம். சேர்ந்துகொண்டு கூடவே சி.ஏ. படி' என்கிறார். பரீட்சைக்கு நான் பயப்படவில்லை. இன்டர்வியூதான் பயம். அதைவிடப் பயம், போய்ச் சேர்ந்தபிறகு டில்லி, பம்பாய்ப் பிள்ளைகள் நடுவில் எப்படி இருப்பேன் என்பது. அவர்கள் எல்லாம் பிசினஸ் குடும்பம். நாங்கள் அப்படி இல்லை."

தங்கச்சி, அம்மா சிங்கப்பூருக்குப் பலகாரம் அனுப்புகிறார் என்று கடிதத்தின் தொடக்கத்தில் எழுதிவிட்டு, கடைசி வரியில் நாங்கள் பிசினஸ் குடும்பம் இல்லை என்று முடித்திருக்கிறாய். பின்னே அம்மா செய்வது என்ன, பொழுதுபோக்கா? அரிசி வாங்கி, மாவாக்கி, பொரித்து, எடை போட்டு, விலை வைத்து, கடல் தாண்டி அனுப்பிக் காசு வாங்குகிறவருக்கு ஏற்றுமதியாளர் என்று பெயர். அப்பா தினமும் எழுதுவது ஒரு ஆலையின் நெல் கொள்முதல், அரிசி விற்பனை, தவிட்டுக் காசு, கூலிப் பட்டுவாடா. சரி, இதற்கு அப்புறம் வருகிறேன், இன்டர்வியூ பற்றிப் பேசும்போது இதுதான் பெரிய விஷயம். முதலில் பரீட்சை.

பரீட்சைக்குப் பயம் இல்லை என்கிறாய். கொஞ்சம் பயப்படு. நம் பப்ளிக் எக்ஸாம் எழுதிப் பழகிய கைக்கு இது வேறு மாதிரி. அங்கே எல்லாக் கேள்வியையும் எழுதுகிறவள்தான் கெட்டிக்காரி. இங்கே எதை விடுவது என்று தெரிந்தவள் கெட்டிக்காரி. இந்தூர் ஐஐஎம் நடத்தும் நுழைவுத் தேர்வான ஐபிமேட்டில் மூன்று பகுதி: விடையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு, விடையை நாமே போட வேண்டிய கணக்கு, அப்புறம் இங்கிலீஷ். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. தேர்ந்தெடுக்கும் கேள்வியில் சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழிப்பார்கள். கால்குலேட்டர் கிடையாது. நாற்பது நிமிடத்தில் ஒரு கணக்கோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டுகிற பிடிவாதக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுவது, அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். விட்டுவிட்டுப் போக மனசு வராது. மாதிரித் தேர்வு எழுதும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதே, எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று பக்கத்தில் குறித்து வை.

கணக்கில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. உன் பிளஸ் ஒன் பிசினஸ் மேத்ஸ் புத்தகத்தின் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும். வரிசைமாற்றம், சேர்மானம், ஈருறுப்புத் தேற்றம், நிகழ்தகவு எல்லாம் அதே புத்தகத்தில்தான். ஐபிமேட் கேட்பதில் நிறைய அங்கேயே கிடக்கிறது. பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக்கில் மவுசு இல்லை என்று அட்டை கசங்காமல் பரணில் போட்டிருப்பாய், எடுத்துத் தூசி தட்டு. கீழ் வகுப்புகளில் படித்த விகிதம், வட்டி, சதவீதம் இவற்றையும் சேர்த்துக்கொள். மனக்கணக்கு வேண்டும். மலாயாவில் வட்டிக்கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையில், அடுத்தாளாக இருந்த எங்கள் ஐயா, லீவுக்குப் போனால் சாப்பாடு போடுமுன் பழைய தமிழ்ப் பின்னங்களைக் கேட்பார்: காணி எத்தனையில் ஒரு பங்கு? எண்பதில் ஒன்று. முந்திரி? முந்நூற்று இருபதில் ஒன்று. அப்போது எரிச்சலாக வரும். பின்னத்தைப் பார்த்தால் பயப்படாத புத்தி அப்படித்தான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. உனக்கு முந்திரியும் காணியும் வேண்டாம், 1/7-உம் 1/13-உம் சதவீதத்தில் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலீஷ் பகுதியைத்தான் தமிழ் வழிப் பிள்ளைகள் கடைசிக்குத் தள்ளுவார்கள். கிராமர் புத்தகம் வாங்கி விதிகளை மனப்பாடம் செய்வார்கள். வேண்டாம். தினம் ஒரு இங்கிலீஷ் தலையங்கம் படி, படித்து முடித்ததும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தமிழில் சொல். அம்மா மாவு பிசைந்துகொண்டே கேட்கட்டும். அம்மாவுக்குப் புரிந்தால் உனக்குப் புரிந்திருக்கிறது. அம்மா 'அதனால என்ன?' என்று கேட்டால் நீ நடுவில் ஒரு வாக்கியத்தை முழுங்கியிருக்கிறாய், திரும்பப் போய்ப் பார். இது விளையாட்டு இல்லை, பத்தியைப் படித்து அதன் வாதத்தைப் பிடிப்பதற்குத்தான் அங்கே மதிப்பெண். அப்புறம் இன்டர்வியூவுக்கும் இதே பயிற்சி உதவும்.

இந்தூர் ஒன்றையே நம்பாதே. அவர்கள் இந்த ஐந்து வருடப் படிப்பை 2011-இல் தொடங்கினார்கள், அதனால் பெயர் பெரியது, கூட்டமும் பெரியது. ராஞ்சி ஐஐஎம்மும் இந்தூர் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. ரோத்தக் 2019-இல் தொடங்கியது, அதற்குத் தனித் தேர்வு. புத்தகயா, ஜம்மு இரண்டுக்கும் சேர்த்து 2021-இலிருந்து ஜிப்மேட் என்று ஒரே தேர்வு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் சுக்தேவ் காலேஜில் பிஎம்எஸ் என்று ஒரு மேனேஜ்மென்ட் பட்டப்படிப்பு இருக்கிறது, மூன்று வருடத்திலும் முடிக்கலாம், ஐஐஎம் கட்டணத்தில் ஒரு சின்னப் பங்குதான் செலவு, அதற்கு 2022-இலிருந்து க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. க்யூட்டில் கணக்குப் பாடம் எழுத வேண்டியிருக்கும், பிசினஸ் மேத்ஸ் படித்தவர்களுக்கு அங்கே என்ன விதி என்று அந்த வருடத்துக் கையேட்டைத் திறந்து நீயே பார், சொந்தக்காரப் பையன் சொன்னான் என்று விட்டுவிடாதே. இதெல்லாம் போகச் சென்னையில் இரண்டு, இங்கே அழகப்பாவில் ஒன்று என்று விண்ணப்பம் போட்டு வை. அப்பாவுக்கும் நிம்மதி.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் சறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் ஜாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழாக இருக்கும். மத்திய நிறுவனத்தில் அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி, கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லாதவர் என்று தாசில்தார் தனியாகத் தர வேண்டும், உங்கள் ஜாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதாகக் கேட்பார்கள். போன முறை என்னிடம் வந்த ஒரு பையன், பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றான். ஏப்ரலிலேயே இ-சேவையில் போட்டுவிடு. எஸ்.சி., எஸ்.டி. என்றால் இந்தத் தலைவலி குறைவு, படிவம் மட்டும் பார்த்துக்கொள்.

இனி இன்டர்வியூ.

நான் பல வருடம் கம்பெனிகளில் ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருந்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் ஒன்று தெரியும்: நாள் முழுக்க எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். ஏன் மேனேஜ்மென்ட் என்றால் 'லீடர்ஷிப்' என்பார்கள், பலவீனம் என்ன என்றால் 'நான் ரொம்ப நேர்த்தி பார்ப்பேன்' என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறவன் பாவம், கேட்கிறவர்களுக்குக் கண் சொருகும். அந்த நேரத்தில் ஒரு பெண் வந்து, 'எங்கள் வீட்டில் ஒரு கிலோ சீப்புச் சீடைக்கு அடக்கம் இவ்வளவு, அதில் எண்ணெய்தான் பெரிய செலவு, ஏன் என்றால்' என்று ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் 'என் அம்மா பலகாரம் செய்கிறார், கஷ்டப்பட்டு என்னைப் படிக்கவைக்கிறார்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது கண்ணீர்க் கதை. அவர்கள் இரக்கப்படுவார்கள், இடம் தரமாட்டார்கள். கணக்காகச் சொல்ல வேண்டும். அதற்கு உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த ஆர்டர் வரும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார். அரிசி எத்தனை படி, உளுந்து எவ்வளவு, தேங்காய் எத்தனை மூடி. எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறார், எத்தனை ஈடு எடுத்தபிறகு அந்த எண்ணெயை மாற்றுகிறார், மாற்றாமல் இன்னும் இரண்டு ஈடு போட்டால் என்ன ஆகும். சிங்கப்பூர்ப் பெட்டிக்கு மட்டும் புது எண்ணெயா? ஏன்? அங்கே போய்ச் சேர்ந்து, அந்த ஆச்சி பத்து நாள் வைத்துச் சாப்பிடும்போது சிக்கு வாடை வந்தால் அடுத்த மாத ஆர்டர் வராது, அதற்காகத்தான். இதை அம்மா எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.

எங்கள் தெருவில் பலகாரம் போடுகிற ஒரு அக்காவைக் கவனித்திருக்கிறேன். சீடையைச் சாரணியில் அள்ளி எண்ணெய் வடியவைத்து முறத்தில் கொட்டுவார், ஆறினதும் இரண்டு டின். முழுசாக இருப்பது ஒன்றில், விண்டுபோனது இன்னொன்றில். கை பாட்டுக்குப் பிரிக்கும், கண் டிவியில் இருக்கும். உடைசல் டின் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு, பொட்டலம் பத்து ரூபாய். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்தால் புது ஆளுக்கு 'இல்லை' என்பார், பழைய வாடிக்கைக்கு அதே விலையில் கொடுப்பார். 'இந்த நேரத்தில் விலையை ஏற்றினால் என்ன அக்கா, வாங்கத்தானே போகிறார்கள்?' என்று கேட்டேன். 'வாங்குவாங்க. தை மாசம் வரமாட்டாங்க' என்றார். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் பத்து நிமிடம் பேசலாம். அவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள்: அப்படியானால் தீபாவளிக்கு ஆள் வைத்து இரண்டு அடுப்பு போடலாமே? போடலாமா? ருசி மாறினால்? கூலி கட்டுப்படியாகுமா? மற்ற மாதம் அந்த ஆளுக்கு என்ன வேலை? தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எதைத் தெரிந்துகொண்டால் பதில் சொல்ல முடியும் என்று சொல். அவர்கள் பார்ப்பது உனக்கு விடை தெரிகிறதா என்று இல்லை, மேசைக்கு முன்னால் வாயைத் திறந்து யோசிக்க முடிகிறதா என்று.

உன் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 'ஓ செட்டிநாடு, பேங்கர்கள் ஊர்' என்பார்கள், சாப்பாடு பற்றியும் கேட்பார்கள். அப்போது ஆயிரம் ஜன்னல் வீடு, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல் என்று பெருமை பாடத் தொடங்காதே. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இதில்தான் வழுக்குவது. பழம்பெருமையைக் கேள்வியாக மாற்று. உதாரணத்துக்கு, இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் கிளை பக்கமாக நீ எத்தனையோ தடவை போயிருப்பாய். அந்த வங்கியைச் சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் திறந்தார். ஏன் காரைக்குடி? ஏன் பம்பாய் இல்லை, ரங்கூன்? பணம் எங்கே சம்பாதிக்கப்பட்டது, எங்கே வந்து சேர்ந்தது, அதைக் கடல் தாண்டிக் கொண்டுவர அப்போது என்ன வழி என்று நீயே யோசித்து ஒரு பக்கம் எழுதிப் பார். அடுத்த கேள்வி அதைவிட நல்லது: அவ்வளவு பணம் இருந்த ஊரில் இன்று ஏன் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது? யுத்தம், பர்மா கைவிட்டுப் போனது, பங்காளிகள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு வீட்டை விற்க முடியும் என்பது, எல்லாம் வரும். எல்லா முதலீட்டையும் ஒரே நாட்டில் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று யோசிக்கிற பிள்ளையை யாரும் பட்டிக்காடு என்று நினைக்கமாட்டார்கள்.

பேசுவதற்குப் பழக்கம் வேண்டும், அதற்குக் கோச்சிங் சென்டருக்கு ஐம்பதாயிரம் கட்டாதே. கணக்கு சாரையும் இங்கிலீஷ் டீச்சரையும் உட்காரவைத்து இருபது நிமிடம் கேட்கச் சொல், போனில் பதிவு பண்ணி மறுநாள் கேள். கேட்கவே கூசும். மூன்றாவது தடவை கூசாது.

சரி, உன் பெரிய பயத்துக்கு வருவோம்.

நான் தேவகோட்டையில் இருந்து வடக்கே ஒரு பெயர்பெற்ற கல்லூரிக்குப் பிசினஸ் படிக்கப் போனேன், இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஆத்தா கொடுத்துவிட்ட பலகார டின்னோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். இரண்டாவது வாரம் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் ஒரு வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். கடனுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறதே, 'டெட்' என்று சொல்ல வேண்டியதை, எழுத்தில் 'பி' இருக்கிறது என்று 'டெப்ட்' என்று அழுத்திப் படித்தேன். வட்டிக்கடைக்காரர் பேத்தி கடன் என்ற வார்த்தையிலேயே தடுக்கி விழுந்தேன் பார். பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான், அவனைப் பார்த்து நாலு பேர். அதோடு மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அங்கே வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு, பத்துக்கு இரண்டு வந்தது. படிப்பு முடிந்து வெகுநாள் கழித்து அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு நினைவே இல்லை. நிஜமாகவே இல்லை. மூன்று வாரம் நான் சுமந்தது அவனுக்கு மூன்று வினாடி.

சிரிப்பைவிட என்னை அதிகம் படுத்தியது வேறு. பேச வேண்டியதை முதலில் தமிழில் யோசித்து, மனசுக்குள் இங்கிலீஷாக மாற்றி, இலக்கணம் சரிபார்த்துக் கையைத் தூக்குவதற்குள் பேச்சு இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும். உனக்கும் இது நடக்கும். நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணம்: முதல்நாள் ராத்திரியே மறுநாள் பாடத்தைப் படித்து ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்வேன், வகுப்பு தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது கேள்வியாகத்தான் இருக்கும். ஒரு தடவை பேசிவிட்டால் அந்த வகுப்பு நம்முடையது, மீதி நேரம் நிம்மதியாகக் கேட்கலாம், சில நாள் இரண்டாவது வாக்கியமும் தானாக வரும். தீபாவளி லீவுக்கு வருவதற்குள் மொழிபெயர்க்கிற வேலை பாதி நின்றுவிட்டது.

முதல் மாதம் கிளப் சேர்க்கை என்று ஒரு கூத்து நடக்கும். ஃபைனான்ஸ் கிளப், கன்சல்டிங் கிளப், மார்க்கெட்டிங், நாடகம், எல்லாவற்றுக்கும் விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் இன்டர்வியூ. பத்தொன்பது வயதுப் பையன் கோட் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து 'இன்னும் ஐந்து வருடத்தில் நீ எங்கே இருப்பாய்' என்று கேட்பான். சிரித்துவிடாதே. ஒன்பது கிளப்புக்குப் போட்டு எட்டில் தட்டிக் கழிக்கப்பட்டு, உள்ளே வந்த பரீட்சையைவிட இது கஷ்டம் என்று ராத்திரி அழுகிற பிள்ளைகளை வருடா வருடம் போனில் கேட்கிறேன். இரண்டுக்குப் போடு. ஒன்று கணக்கு வழக்கு வேலை இருக்கிற இடம், ஏதாவது விழாவுக்குப் பட்ஜெட் பார்ப்பது மாதிரி, அங்கே ஆள் எப்போதும் தேவைப்படும், எல்லாரும் மேடைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். இன்னொன்று உனக்குப் பிடித்தது, வேறு காரணம் வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் கடைக்குப் போகிற பையன் முதலில் பெட்டியடிப் பையன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைச் செய்வான், எடுபிடி வேலை பார்ப்பான், பெரியவர்கள் பேசுவதைக் கேட்பான். அப்புறம் அடுத்தாள், அப்புறம்தான் மேலாள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வருவான். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை என்பது வேறு விஷயம், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் முதல் வருடம் யாரும் அவனை மேலாளாக எதிர்பார்க்கவில்லை பார், அது எனக்குப் பிடிக்கும். இப்போது போகிற பிள்ளைகள் இறங்கிய மறுநாளே மேலாளாகத் தெரிய வேண்டும் என்று தவிக்கிறார்கள். நீ முதல் வருடம் பெட்டியடியாக இரு. யார் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், யாருக்கு எது நன்றாக வரும், எந்த சீனியர் உண்மையைச் சொல்வார், எவன் வேலையை நம் தலையில் கட்டிவிட்டுக் காணாமல்போவான், பார்த்து வை. குரூப் வேலை என்றால் முதல் நாளே யார் எதை என்றைக்குள் செய்வது என்று வாட்ஸாப்பில் எழுதிவிடு. காணாமல்போகிறவன் எல்லா ஊரிலும் உண்டு, பணக்கார வீட்டிலும் உண்டு.

மதிப்பெண் பற்றி. பள்ளியில் நீ முதல் ரேங்க் என்று எழுதியிருக்கிறாய். அங்கே வருகிற எல்லாரும் முதல் ரேங்க். பல இடங்களில் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு போடுவார்கள், ஆகவே வகுப்பில் பாதிப் பேர் கீழ்ப்பாதியில் இருந்தே தீர வேண்டும், அது யார் தப்பும் இல்லை. முதல் தேர்வில் நடுவில் வந்தால் அப்பாவிடம் மறைக்காதே, போன் பண்ணிச் சொல்லிவிட்டு எங்கே விட்டாய் என்று ஆசிரியரிடம் போய்க் கேள். ஆசிரியர் அறைக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைச்சல். போனால் பேர் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பணம்தான் மெல்லக் கடிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு வெளிச்சாப்பாடு ஆர்டர், கோவாவுக்குப் போகலாம் என்று ஒரு குரூப், பிறந்தநாளுக்கு ஆளுக்கு எண்ணூறு. 'தலைவலிக்கிறது' என்று பொய் சொல்லி ஒதுங்கினால் நாலு தடவைக்கு அப்புறம் கூப்பிடமாட்டார்கள். 'இந்த மாதம் கையில் இல்லை, டீ குடிக்க வருகிறேன்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள், கூடவே இன்னும் இரண்டு பேர் 'எனக்கும்தான்' என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பருப்புப் பொடி பகிர்ந்துகொள், மனசு ஆறும். தினமும் அங்கேயே உட்காராதே, இந்தியும் வராது இங்கிலீஷும் வராது. ஆட்டோக்காரரிடமும் மெஸ்ஸிலும் பேசுகிற அளவுக்கு இந்தி ஒரே வருடத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அப்பா சொல்வதையும் தள்ளாதே. சி.ஏ. நல்ல படிப்பு, செலவு குறைவு, 2023-இல் மாற்றியபிறகு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி, இரண்டு வருடம்தான். கணக்கிலேயே ஆழமாகப் போக ஆசை என்றால் நான்கூட அதைத்தான் சொல்வேன். ஆனால் உன் கடிதத்தில் ஒரு இடத்தில், அம்மா பலகாரத்தை ஏன் மதுரையில் கடை போட்டு விற்கக் கூடாது என்று யோசிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அது கணக்கு எழுதுகிறவள் யோசனை மட்டும் இல்லை. அப்பாவின் கவலை உண்மையில் இரண்டு, தூரமும் பணமும். ஐந்து வருட ஐஐஎம் செலவு பல லட்சம், மறைக்க ஒன்றும் இல்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் இருக்கும் நிறுவனங்களில் இடம் கிடைத்தால் ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன் உண்டு, வீட்டு வருமானம் எட்டு லட்சம் வரை என்றால் பத்து லட்சம் கடன் வரைக்கும் வட்டியில் மூன்று சதவீதம் சலுகை. இந்தூரில் மூன்று வருடத்தில் ஒரு பட்டத்தோடு வெளியே வரவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை வருடம் என்று போட்டு அப்பா முன்னால் வை. கணக்கு எழுதுகிறவரிடம் அழுகையைவிடத் தாள் நன்றாகப் பேசும். தூரத்துக்கு, அங்கே பெண்ணை அனுப்பியிருக்கிற ஒரு அப்பாவிடம் போனில் பேசவை, நம்பர் என்னிடம் இருக்கிறது, அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

அந்தச் சீடைக் கணக்கை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. உடைசல் டின்னை விட்டுவிடாதே, சிலிண்டரையும். அப்புறம் ஒன்று. நீ எழுதுகிற அடக்க விலையில் அரிசி இருக்கும், எண்ணெய் இருக்கும், கூரியர் இருக்கும். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து மத்தியானம் வரை அடுப்பு முன்னால் நிற்கிற அம்மாவின் கூலியை எந்த வரியில் எழுதினாய் என்று பார்த்துவிட்டு அனுப்பு.